அந்தமான் தீவுகளில் கட்டளை மொழி

வங்காள விரிகுடாவின் வரைபடத்தை விரித்து நோக்கினால், சென்னைக்குக் கிழக்கே ஏறத்தாழ 1,200 கிலோமீட்டருக்கு அப்பால், வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் ஒரு தீவு வரிசையைக் காண்கிறோம். சிறு திட்டுகளையும் பாறைகளையும் சேர்த்து எண்ணினால் அவை 836. மக்கள் குடியிருப்பவை 31 மட்டுமே. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபார் தீவுகளில் வாழ்ந்தோர் 3,80,581 பேர். அவர்களுள் நூற்றுக்குப் பதினைவர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். பிழைப்பைத் தேடித் தமிழகக் கரையிலிருந்து கப்பலேறியவர்கள் உண்டு. பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் உண்டு. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ-சாஸ்திரி உடன்படிக்கைக்குப் பின் இலங்கைத் தோட்டங்களை விட்டு வந்து, கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியேறிய குடும்பங்களும் உண்டு.

இத்தீவுகளில் கரையிறங்கிய எவரும் முதலில் கற்றது ஒரு புதிய மொழியை. கடைத்தெருவில் வங்காளியும் தெலுங்கரும் மலையாளியும் ராஞ்சியிலிருந்து வந்த தொழிலாளியும் பேசிக்கொள்ளும் இந்துஸ்தானி அது. இலக்கண நூலைப் புரட்டி எவரும் அதைக் கற்கவில்லை. எங்கே, என்ன, எவ்வளவு, கொடு, வா, போ என்னும் சில சொற்களை முதலில் பற்றிக்கொண்டார்கள். அவற்றைக் கொண்டு அரிசி வாங்கினார்கள், படகேறினார்கள், வேலை கேட்டார்கள். பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் ஒவ்வொருவருக்கும் இந்த அநுபவம் உண்டு. பம்பாயிலும் கல்கத்தாவிலும் டில்லியிலும் முதல் மாதத்தை நாம் கடந்தது இத்தகைய இருபது முப்பது சொற்களின் துணையால்தான் அன்றோ?

கணிப்பொறியைத் தட்டச்சுக் கட்டளைகளால் ஆளக் கற்பதும் இதைப் போன்றதுதான் என்பதை இக்கட்டுரையில் எடுத்துக்காட்ட முயல்கிறோம். திரையில் தோன்றும் சிறு படங்களைச் சுட்டெலியால் தொட்டு வேலை வாங்குவது ஒரு முறை. கடையில் பொருளைக் கைநீட்டிக் காட்டி வாங்குவதற்கு அது ஒப்பாகும். பொருள் கண்முன் இருந்தால் அம்முறை போதும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கும் பொருளைக் கேட்டுப் பெற வேண்டுமானால் சொல் வேண்டும். அந்தச் சொல்லே கட்டளை. தீவுகளில் வாழ்வோருக்கு அது ஏன் தனிச்சிறப்பு உடையதாயிற்று என்பதை அறிய, அதன் வரலாற்றைச் சிறிது பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

1960-களில் கணிப்பொறி என்பது ஓர் அறையை அடைத்து நிற்கும் யந்திரம். அதை ஒரே வேளையில் பலர் பகிர்ந்துகொள்வதற்கான வழியை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கோர்பாட்டோ என்பவரும் அவருடைய தோழர்களும் 1961-இல் செய்து காட்டினர். ஒவ்வொருவரும் தம் முன்னே ஒரு தட்டச்சு யந்திரத்தை வைத்துக்கொண்டு வினாவை அடிப்பார். கணிப்பொறி தன் விடையை அதே தாளில் அச்சிட்டுக் காட்டும். தந்தி அலுவலகங்களில் நாம் கண்ட டெலிபிரிண்டருக்கு நெருங்கிய உறவு அந்த யந்திரம். அக்காலத்தில் பெருவழக்காயிருந்த ஒரு வகை, வினாடிக்கு 10 எழுத்துகளையே அடிக்க வல்லது.

1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி என்னும் இருவர் யூனிக்ஸ் என்ற இயக்க முறையைத் தோற்றுவித்தனர். அதன் கட்டளைகள் பெரும்பாலும் இரண்டு மூன்று எழுத்துகளில் முடிந்துவிடுபவை. ‘எல் எஸ்’ என்று அடித்தால் இங்கே உள்ளவற்றின் பட்டியல் வரும். ‘சி பி’ என்றால் படியெடு. ‘எம் வி’ என்றால் இடம் மாற்று. வினாடிக்குப் பத்து எழுத்து அடிக்கும் யந்திரத்தில் நீண்ட சொற்களை யார் தட்டிக்கொண்டிருப்பார்கள்? தந்தி கொடுப்பவர் ஒவ்வொரு சொல்லுக்கும் காசு எண்ணியது போல, இவர்கள் ஒவ்வோர் எழுத்துக்கும் காலத்தை எண்ணினார்கள். 1971 நவம்பர் 3-ஆம் நாளிட்ட முதற்பதிப்பாக அம்முறையின் கையேடும் வெளிவந்தது. கட்டளைகளின் பொருளைக் கணிப்பொறியையே கேட்டு அறியலாம் என்னும் வழக்கம் அக்கையேட்டின் வழியாக நிலைபெற்று, இன்றும் தொடர்கிறது.

இனி, நமது தீவுகளுக்கு வருவோம். தீவுகளின் வரலாறே செய்திக்காகக் காத்திருந்த வரலாறு எனலாம். 1858-இல் ஆங்கிலேயர் தண்டனைக் குடியிருப்பை அமைத்த காலத்தில், கப்பல் வந்தால்தான் கடிதம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் கம்பியில்லாத் தந்தி வந்தது. 1963-இல் போர்ட் பிளேரில் வானொலி நிலையம் தன் ஒலிபரப்பைத் தொடங்கியது. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் அறிவிக்கப்பெற்ற நகரம் அதுவே. தந்தியும் வானொலியும் செய்தியைக் கொண்டுவந்தன. ஆனால், தொலைவிலுள்ள ஒரு யந்திரத்தை இங்கிருந்தே இயக்கும் ஆற்றலை அவை தரவில்லை.

அந்த ஆற்றல் கணிப்பொறி வலையினால் வந்தது. 1976-இல் தேசியத் தகவலியல் மையம் நிறுவப்பெற்றது. அதற்கு வழிகாட்டியாக நின்றவர் என். சேஷகிரி. 1980-களின் பிற்பகுதியில் இம்மையம் ‘நிக்நெட்’ என்னும் வலையை அமைத்து, சிறிய நிலையங்களின் வாயிலாகச் செயற்கைக்கோளைத் தொட்டு, மாவட்டத் தலைநகரங்களை ஒன்றோடொன்று பிணைத்தது. அந்தமான் நிக்கோபார் நிர்வாகத்திலும் அம்மையத்தின் அலுவலகம் நிலைபெற்றது. அந்த ஆண்டுகளில் நம் நாட்டின் அரசு அலுவலகங்களும் வங்கிகளும் வாங்கிய கணிப்பொறிகளில் யூனிக்ஸும் அதன் கிளையான ஜெனிக்ஸும் பெருமளவில் இடம்பெற்றன. அவற்றின் முன் அமர்ந்த எழுத்தர்களும் பொறியாளர்களும் கண்டது படங்களை அன்று. கறுப்புத் திரையையும், கட்டளைக்காகக் காத்திருந்து கண் சிமிட்டும் ஒரு சிறு கோட்டையுமே.

கடல் சூழ்ந்த இடத்தில் செயற்கைக்கோள் வழியே பணிபுரிவதில் ஓர் இடையூறு உண்டு. நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் அக்கோள் நிற்கிறது. நாம் அனுப்பும் குறி அவ்வளவு தூரம் ஏறி, அவ்வளவு தூரம் இறங்க வேண்டும். மறுமொழியும் அவ்வாறே ஏறி இறங்க வேண்டும். ஒளியின் வேகத்தில் சென்றாலும் போக்குவரத்துக்கு ஏறக்குறைய அரை வினாடி ஆகிறது. அரை வினாடிதானே என்று எண்ணலாகாது. தட்டிய எழுத்து அரை வினாடி கழித்துத் திரையில் தோன்றினால், பழகாத கை தடுமாறும், வரவில்லையோ என்று மீண்டும் தட்டும், பிழை இரட்டிக்கும். எனவே, இத்தகைய வழியில் பணிபுரிவோர் கட்டளையை முதலில் மனத்தில் முழுமையாக அமைத்து, பிழையறத் தட்டி, ஒரு முறை படித்துப் பார்த்து, அதன் பின்னரே நுழைவு விசையை அழுத்தப் பழக வேண்டியதாயிற்று. இந்தப் பொறுமை கட்டளை மொழி கற்கும் எவருக்கும் முதற்பாடமாகும்.

மற்றொன்றையும் கணக்கிட்டுப் பார்ப்போம். அக்காலத்துத் திரையில் ஒரு வரிக்கு 80 எழுத்து, 24 வரி. திரை முழுதும் நிரம்பினாலும் 1,920 எழுத்துகள். அதே அளவுத் திரையைப் படமாகத் தீட்டி அனுப்புவதானால், 1,024-க்கு 768 புள்ளிகள், புள்ளிக்கு மூன்று எண்கள் என்று கொண்டால், 23 லட்சத்துக்கும் மேலாகிறது. சுருக்கி அனுப்பினாலும் எழுத்துக்கு அது ஈடாகாது. குறுகிய வழியில் மாட்டு வண்டி செல்ல இயலாத இடத்தும் கால்நடையாய்ச் செல்பவன் போய்ச் சேர்வான். எழுத்துக் கட்டளை அந்தக் கால்நடைப் பயணி.

குறுகிய வழியின் அருமையைத் தீவு மக்கள் 2004 டிசம்பர் 26-ஆம் நாள் பெருந்துயரத்தின் நடுவே உணர்ந்தார்கள். சுமத்ராவுக்கு அருகே எழுந்த நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் கார் நிக்கோபாரையும் பிற தீவுகளையும் சூறையாடின. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இத்தீவுகளில் இறந்தனர் அல்லது காணாமற்போயினர். தொலைபேசித் தொடர்புகள் அறுந்தன. அவ்வேளையில் அமெச்சூர் வானொலிப் பயணமாக டில்லியிலிருந்து வந்து போர்ட் பிளேரில் தங்கியிருந்த பாரதி பிரசாத் என்னும் பெண்மணியும் அவருடைய குழுவினரும் தம் சிறு கருவிகளைக் கொண்டு வெளியுலகுடன் தொடர்பை ஏற்படுத்தி, உயிரோடிருப்போரைப் பற்றிய செய்திகளை உற்றாருக்கு அனுப்ப உதவினர். பெரிய சாதனங்கள் வாய்மூடிய நேரத்தில் சிறிய சாதனமும், அதைக் கையாளத் தெரிந்த ஓர் ஆளும் இருந்தமையால் வந்த நன்மை இது. கருவி மட்டும் இருந்து ஆள் இல்லையேல் என்ன பயன்?

தீவுகளில் கணிப்பொறிக் கல்வியின் உயிர்நிலையும் இதுவே. ஒரு மருத்துவமனையிலோ துறைமுக அலுவலகத்திலோ கணிப்பொறி முடங்கினால், சென்னையிலிருந்து கப்பலில் நிபுணர் வர மூன்று நாளாகும். தென்கோடியிலுள்ள காம்ப்பெல் விரிகுடாவுக்குச் செல்ல மேலும் நாளாகும். கடல் சீறினால் கப்பலே புறப்படாது. அவ்விடத்திலேயே கட்டளை மொழி அறிந்த ஒருவர் இருந்தால், கோளாறு எதுவென்று தாமே கண்டறியலாம். அல்லது தொலைவிலிருக்கும் நிபுணர் சொல்லும் கட்டளையை அப்படியே தட்டி இயக்கலாம். சுட்டெலியால் எங்கே தொடவேண்டும் என்பதைத் தொலைபேசியில் விளக்குவது கடினம். கட்டளையையோ கடிதத்தில் எழுதலாம், தந்தியைப் போல் அனுப்பலாம். வானொலியில்கூட எழுத்தெழுத்தாக வாசிக்கலாம். சொல்லின் பெருமை அது.

அப்படியாயின், எங்கிருந்து தொடங்குவது? புதிய ஊரில் இறங்கியவர் முதலில் கேட்கும் கேள்வி ‘நான் எங்கே இருக்கிறேன்’ என்பது. கணிப்பொறியிலும் அதுவே முதற்கேள்வி. அதற்குரிய கட்டளை ‘பி டபிள்யூ டி’. நம் நாட்டினருக்குப் பொதுப்பணித் துறையை நினைவூட்டும் அதே மூன்று எழுத்துகள். அடுத்து, ‘இங்கே என்ன இருக்கிறது’ என்பதற்கு ‘எல் எஸ்’. வேறிடம் செல்லச் ‘சி டி’. புதிய அடைவு ஒன்றை அமைக்க ‘எம் கே டி ஐ ஆர்’. ஐயம் தோன்றினால் ‘மேன்’ என்னும் சொல்லோடு கட்டளையின் பெயரைச் சேர்த்துக் கேட்டால் கையேட்டின் பக்கம் விரியும். முதல் வாரத்துக்கு இவை போதும்.

பின்னர், சொற்களைக் கோத்து வாக்கியம் அமைக்கும் நிலை வரும். டக்ளஸ் மெக்கில்ராய் என்பவரின் எண்ணத்தில் உருவாகி, 1973-இல் யூனிக்ஸில் இடம்பெற்ற ‘பைப்’ என்னும் குழாய் முறை இதற்கு உதவுகிறது. ஒரு கட்டளையின் விடையை அடுத்த கட்டளையின் வாயில் ஊற்றுவது அது. கப்பல் பயணிகளின் பட்டியல் ஒன்று கணிப்பொறியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் சென்னைக்குச் செல்வோர் எத்தனை பேர்? ‘கிரெப்’ என்னும் கட்டளை சென்னை என்ற சொல் உள்ள வரிகளை மட்டும் பொறுக்கித் தரும். அவ்வரிகளைக் குழாய் வழியே ‘டபிள்யூ சி’ என்னும் கட்டளையிடம் கொடுத்து வரிகளை எண்ணச் சொன்னால் விடை வரும். ஆயிரம் பெயரானாலும் லட்சம் பெயரானாலும் தட்டும் எழுத்து இருபதோ முப்பதோதான். அந்த வாக்கியத்தையே ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொண்டால், நாள்தோறும் நள்ளிரவில் அது தானே நடைபெறுமாறும் செய்யலாம்.

ஆளும் அதிகாரம் வந்தபின் பொறுப்பும் உடன் வருகிறது. யூனிக்ஸ் முறையில் ஒவ்வொரு கோப்புக்கும் உரியவர், அவருடைய குழுவினர், பிறர் என மூவகையினர் உண்டு. படிக்க 4, எழுத 2, இயக்க 1 என மதிப்பெண் வகுத்து, ஒவ்வொருவருக்கும் எவ்வளவு உரிமை என்பதைக் குறிக்கிறார்கள். இவர்கள் எல்லோருக்கும் மேலே ‘ரூட்’ என்னும் தலைமை நிர்வாகி இருக்கிறார். அவருக்குத் தடையே இல்லை. அதனாலேயே, நித்தியப் பணிகளை அப்பெயரில் செய்யலாகாது என்பது நல்ல நிர்வாகிகளின் விதி. தேவைப்படும் ஒரு செயலுக்கு மட்டும் அந்த அதிகாரத்தைக் கடன் பெறும் ‘சூடோ’ என்னும் கட்டளை 1980-ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் உருவாயிற்று.

அழிக்கும் கட்டளையான ‘ஆர் எம்’ பற்றித் தனியே எச்சரிக்க வேண்டும். அதற்குக் குப்பைக்கூடை கிடையாது, போனது போனதே. ஓர் இடைவெளியைத் தவறாக விட்டமையால் ஓர் அடைவே காணாமற்போவதுண்டு. கடைத்தெருவில் தவறான சொல்லைச் சொன்னால் கடைக்காரர் சிரித்துவிட்டுத் திருத்துவார். கணிப்பொறி சிரிப்பதும் இல்லை, சினப்பதும் இல்லை, சொன்னதைச் செய்துவிடும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்னும் நம் முன்னோர் மொழி இங்கே முற்றும் பொருந்தும். படி எடுத்து வைத்த பிறகே அழிக்க வேண்டும். முதலில் பட்டியலிட்டுப் பார்த்து, அதே பெயரைத்தான் அழிக்கப் போகிறோம் என்று தெளிந்த பின்னரே விசையை அழுத்த வேண்டும்.

இவற்றை எல்லாம் பழக விலையுயர்ந்த யந்திரம் வேண்டுமோ என்னும் கேள்வி எழலாம். ஒரு காலத்தில் வேண்டியிருந்தது. 1983-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர், எவரும் பயன்படுத்தவும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமையுள்ள ஓர் இயக்க முறையைச் செய்வோம் என்று ‘க்னூ’ திட்டத்தை அறிவித்தார். 1991-இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவை வெளியிட்டார். இரண்டும் இணைந்ததால், யூனிக்ஸ் வழியில் வந்த கட்டளைகள் சாதாரண மாணவனின் பழைய கணிப்பொறிக்கும் எட்டின. நம் நாட்டில் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் 2007-இல் ‘பாஸ்’ என்னும் லினக்ஸ் வகையைத் தமிழ் முதலிய இந்திய மொழிகளின் வசதியோடு வெளியிட்டது. 2012-இல் தொடங்கப்பெற்ற ‘கணியம்’ என்னும் தமிழ் மின்னிதழ் இத்துறைக் கட்டுரைகளை வெளியிட்டது. நித்யா துரைசாமி எளிய தமிழில் லினக்ஸ் பற்றி எழுதிய நூலும் இலவச மின்னூலாகக் கிடைக்கிறது. ஆங்கிலம் தடையாக நிற்கும் மாணவருக்கு இவை பெருந்துணை.

மொழியைப் பற்றி ஒரு செய்தி. 1992-இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் சேர்ந்து யூ.டி.எஃப்-8 என்னும் குறியீட்டு முறையை வகுத்தனர். உலக மொழிகளின் எழுத்துகளை எல்லாம் பழைய ஆங்கில எழுத்துகளோடு சிக்கலின்றி ஒன்றாக வைக்கும் முறை அது. இன்று ஒரு கோப்புக்குத் தமிழிலேயே பெயரிட்டுக் கட்டளை வரியில் அழைக்கலாம். தமிழ்ச் சொல்லைக் கொடுத்து, ஆயிரம் பக்கங்களில் அது எங்கே வருகிறது என்று தேடலாம். கட்டளை மொழியைப் பெற்றெடுத்த கைகளுள் ஒன்றே நம் எழுத்துக்கும் அங்கே வாயில் திறந்தது என்பது நினைவுகூரத் தக்கது.

2018 டிசம்பர் 30-ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பெற்ற சென்னை-அந்தமான் கடலடிக் கம்பி 2020 ஆகஸ்டு 10-ஆம் நாள் திறந்துவைக்கப்பட்டது. சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள அக்கம்பி போர்ட் பிளேரையும், சுவராஜ் தீவு, லாங் தீவு, ரங்கத், சிறிய அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, பெரிய நிக்கோபார் ஆகிய இடங்களையும் இணைக்கிறது. அரை வினாடித் தாமதம் அவ்வழியில் இல்லை. படங்களும் தாராளமாக ஓடுகின்றன. இனிக் கட்டளை மொழி எதற்கு என்று கேட்போர் உளர். உலகத்தின் மிகப் பெரிய 500 மீக்கணிப்பொறிகளின் பட்டியலில் 2017 நவம்பர் முதல் அனைத்துமே லினக்ஸில் இயங்குகின்றன என்பதே அவர்களுக்கு விடை. நாம் பார்க்கும் படங்களையும் கேட்கும் பாட்டுகளையும் அனுப்பும் சர்வர்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்னே திரையும் இல்லை, சுட்டெலியும் இல்லை. தொலைவிலிருந்து ஒருவர் கட்டளை தட்டுகிறார், அவை இயங்குகின்றன. கம்பி வந்ததால் தீவுக்காரர் கட்டளையைக் கேட்டு நடப்பவராக மட்டுமன்றி, கம்பியின் மறுமுனையில் உள்ள யந்திரங்களுக்குக் கட்டளை இடுபவராகவும் ஆகலாம். பிழைப்புக்காகக் கப்பலேறிய தாத்தாவின் பேத்தி, கப்பலேறாமலே அயலூர் வேலையைச் செய்யலாம்.

ஆயினும் கம்பி தானாக ஒருவரையும் நிபுணராக்கிவிடாது. வழி அகன்றது, நடப்பவர் வேண்டும். படங்களைத் தொட்டே பழகிய இளைஞர்கள் கறுப்புத் திரையைக் கண்டு அஞ்சுவதை எங்கும் காண்கிறோம். ஆங்கிலம் அறிந்தவர்க்கே இது உரியது என்று விலகுவாரும் உண்டு. அவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது ஒன்றே. ‘கிரெப்’ என்பது ஆங்கிலேயருக்கும் பொருள் தெரியாத சொல். அவரும் கற்றே அறிந்தார். மாயாபந்தரின் கரேன் மாணவன், திக்லிப்பூரின் வங்காளப் பெண், நிக்கோபாரி இளைஞன், தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை ஆகிய அனைவரும் இம்மொழிக்கு முன் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். எவருக்கும் இது தாய்மொழி அன்று. ஆகவே எவருக்கும் இது அந்நியமும் அன்று.

தாயகத்தை விட்டு வந்து, வேற்று மொழி பேசும் ஊரில் இருபது சொல்லோடு வாழ்க்கையைத் தொடங்கியவர்கள் நாம். புதிய மொழியைக் கண்டு அஞ்சாமை நாம் பட்டுத் தேறிய பாடம். அதை நம் பிள்ளைகளுக்கு நினைவூட்டினால் போதும். வீட்டில் மூலையில் கிடக்கும் பழைய கணிப்பொறியும், ஒரு குறிப்பேடும், நாளொன்றுக்கு அரை மணி நேரமும் இருந்தால், ‘நான் எங்கே இருக்கிறேன்’ என்னும் முதற்கேள்வியை இன்றே கேட்கத் தொடங்கலாம்.